கீழே வைத்த கோப்பை

பிள்ளைகள்,

இதை அப்பா தமிழில்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத வருவது அது ஒன்றுதான், அதுவும் பத்தாம் வகுப்போடு நின்றுபோன தமிழ். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் கொடுங்கள். அவர் வாசித்துக் காட்டுவார். இடையில் நிறுத்தி, "உங்கடை அப்பா எழுதினது சரியில்லை, நடந்தது இப்பிடி" என்று தன் பங்குக்கும் சொல்லுவார். அதையும் கேளுங்கள். இந்தக் கதையில் பெட்டிகளோடு வெளியே நின்றவர் அவர்தான்.

மகள், போன கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நீ திடீரென்று கேட்டாய். நாங்கள் வந்த புதிதில் ஓர் அங்கிள் வீட்டுக்கு வந்தாரே, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் கார்ப்பெட்டில் வைத்துவிட்டுக் குடிக்காமலே போனாரே, அது யார் என்று. நீ கேட்டது இங்கிலிசில். "வேலையிலை தெரிஞ்ச ஒராள்" என்று நான் தமிழில் சொல்லிவிட்டு, பால் வாங்கத் தெருமுனை டெய்ரிக் கடைக்குப் போய்விட்டேன். வீட்டில் பால் இருந்தது. நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய்.

உன் கேள்விக்கு மறுமொழியைத்தான் இதில் எழுதுகிறேன்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதிப் பார்த்தேன், பிறகு வெட்டிவிட்டேன். பலஸ்தீனத்து ஆள். குவைத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். அங்கே நடந்த சண்டைக்குப் பிறகு அவருடைய ஆட்களையெல்லாம் அந்த நாட்டிலிருந்து துரத்தினார்கள். அப்படித் துரத்தப்பட்டு, எப்படியோ சுற்றி, இங்கே ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தவர். கல்யாணத்துக்கு முதல் நானும் குவைத்தில் ஒரு சலவைக் கடையில் வேலை செய்தவன், அது உங்களுக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தது அங்கே பழகிய அரபுதான். கடைக்காரனோடு சண்டை பிடிக்கவும் சோறு கேட்கவும் போதுமான அரபு என்னிடம் இருந்தது.

ஓக்லாந்தின் மேற்குப் பக்கம், ஹென்டர்சனில் மெத்தை செய்கிற ஒரு தொழிற்சாலை. நான் சேர்ந்த முதல் நாள், யாரோ பின்னாலிருந்து "யல்லா, யல்லா" என்று அரபில் அவசரப்படுத்திச் சத்தம் போட்டார்கள். நான் திரும்பாமலே, "பொறு, எனக்கென்ன நாலு கையா?" என்று அரபில் சொன்னேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், உயரமான ஒரு மனுசன், வெள்ளை விழுந்த மீசை, சிகரெட் புகையில் அதன் நடுப்பகுதி மஞ்சளாகிப் போயிருந்தது. கண் கலங்கி நின்றார். பிறகு வந்து என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். அங்கே வேலை செய்த சமோவாப் பொடியன்கள் விசில் அடித்தார்கள்.

அன்றிலிருந்து நான் அவரை "அகூய்" என்றுதான் கூப்பிட்டேன். என் சகோதரம் என்று அர்த்தம். அவர் கதைத்தது பாதி அரபும் பாதி உடைந்த இங்கிலிசும். எங்கள் பேச்சில் எழுதினால்தான் அவருடைய குரல் எனக்குக் கேட்கும், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

மெத்தை வேலையில் ஒரு மேசைக்கு இரண்டு பேர். கம்பிச் சுருளுக்கு மேலே பஞ்சை விரித்து, துணியைப் போட்டு, எதிரெதிரே நின்று இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தால்தான் துணி நேராக நிற்கும். ஒருவன் கொஞ்சம் அதிகமாக இழுத்தாலும் பூப்போட்ட துணியில் பூவெல்லாம் சரிந்துபோகும். அவரும் நானும் கதைத்துக்கொண்டே இழுப்போம். எங்கள் மேசையில் பூ சரிந்ததேயில்லை.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லென்றால் இதைத்தான் சொல்லுவேன். யார் எதைக் கேட்டாலும் அவருக்கு "இல்லை" என்று சொல்ல வராது. சின்ன விசயம் கேட்டால் வலது கண்ணைத் தொட்டு, "என்ரை கண்ணிலையிருந்து எடு" என்பார். பெரிய விசயம் கேட்டால் உள்ளங்கையை உச்சியில் வைத்து, "என்ரை தலைமேலை" என்பார். ஸ்மோக்கோ நேரம், அதுதான் வேலையிடத்துத் தேத்தண்ணி நேரம், யாராவது சிகரெட் கேட்டால் கண். தன்னுடைய சனிக்கிழமை வேலையைப் பார்க்கச் சொன்னால் தலை. ஒருநாள் போர்மன் வந்து, ஒருவரையும் பாராமல், "இந்தக் குப்பையை ஆர் கூட்டுறது?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டான். இவருடைய கை தானாகவே எழும்பிக் கண்ணுக்குப் போனது.

இதனால் வந்த பகிடிகள் கனக்க. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஒரு சனிக்கிழமைக்கு நான் அதைக் கேட்டேன், ஓட்டிப் பழக. கண்ணைத் தொட்டார். உங்கள் கராஜ் மாமாவும் (அந்தப் பெயர் வந்த கதை பிறகு வரும்) கேட்டிருக்கிறார், சொந்தக்காரப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போக. அப்போது அவரிடம் அந்த வான் வண்டி இல்லை. அவருக்கும் கண். ஒரு சமோவாப் பொடியன் பிரிட்ஜ் ஏற்றக் கேட்டிருக்கிறான். பிரிட்ஜ் பெரிய விசயம் என்பதால் அவனுக்குத் தலை. காலையில் மூன்று பேரும் அவருடைய வாசலில் சந்தித்துக்கொண்டோம். கராஜ் மாமா கோட்டும் டையும். சமோவாப் பொடியன் கையில் கயிற்றோடு.

அவர் வெளியே வந்து பார்த்தார். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "வாருங்கோ, முதல்லை கோப்பி" என்றார்.

கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? பிரிட்ஜைப் பின் டிக்கியில் திணித்து, மூடி திறந்தபடி கயிற்றால் கட்டி, நான் ஓட்ட, மூன்று பேரும் ஏறி ஞானஸ்நானத்துக்குப் போனோம். கோவில் வாசலில் இறங்கியபோது கராஜ் மாமாவின் கோட்டு முழுக்கத் துரு.

"டேய் தம்பி, இந்த மனுசனிட்டை ஒண்டைக் கேக்கிறதும் லொத்தர் எடுக்கிறதும் ஒண்டுதான்" என்றார் மாமா. "விழுந்தால் உண்டு. ஆனா உன்ரை நம்பரையே இன்னும் பத்துப் பேருக்கும் எழுதிக் குடுத்திருப்பான்."

நான் வயிறு நோகச் சிரித்தேன்.

கோப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளக் கைப்பிடி வைத்த ஒரு சின்னப் பித்தளைப் பாத்திரத்தில்தான் அவர் கோப்பி போடுவார். ஏலக்காய் தட்டிப் போட்டு, பொங்கும்போது இறக்கி, அடங்க விட்டு, திரும்பவும் பொங்க வைப்பார். கண் கழுவுகிற அளவு கோப்பை, பிடியில்லை. எங்கள் ஊரில் அதைக் கோப்பி என்று கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள், அவ்வளவு கசப்பு. ஹென்டர்சனில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் என்னுடைய கோப்பையை வாங்கி, சூடு ஆறட்டும் என்று தரையில் வைத்தேன். நாற்காலி இருந்ததே தவிர மேசை இல்லை. மேசையை யாரோ கேட்டிருப்பார்கள்.

அவர் உடனே எழுந்து என் முன்னால் வந்து நின்றார். முகம் மாறியிருந்தது.

"என்ன வேணும் உனக்கு? சொல்லு."

"ஒண்டும் வேண்டாம், அகூய். ஏன்?"

"ஒண்டும் வேண்டாமெண்டால் ஏன் கீழை வைச்சனி?"

அப்போதுதான் அந்த முறையைச் சொல்லித் தந்தார். அவர்களுடைய பக்கத்தில், வந்தவருக்கு ஏதாவது பெரிய தேவை இருந்தால், கொடுத்த கோப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிடுவாராம். வீட்டுக்காரர் கேட்க வேண்டும், என்ன வேணுமென்று. அதைத் தருகிறேன் என்று வாயால் சொல்லி, "இனிக் குடி" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வந்தவர் குடிப்பார். பெண் கேட்கப் போகும்போதும் அப்படித்தான், கொலைப் பகை தீர்க்கப் போகும்போதும் அப்படித்தான். கோப்பியைக் குடிக்காமல் ஒருவன் வாசலைத் தாண்டிப் போனால் அந்த வீட்டுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது.

"உனக்கு என்னட்டை ஏதும் வேணுமெண்டால் வெக்கப்பட்டு வாயாலை கேளாதை" என்றார். "கோப்பையைக் கீழை வை. அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

அவர் ஏன் இப்படி என்று நான் ஒருநாள் மெத்தை இழுத்துக்கொண்டே கேட்டேன். துணியை விடாமலே சொன்னார்.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரை விட்டு ஓட வேண்டி வந்தது. காலையில் தாய் பாணுக்கு மா குழைத்து, பேசினில் போட்டு, ஈரத் துணியால் மூடி வைத்திருந்தாள், புளிக்கட்டும் என்று. புளிக்க முதலே வெளிக்கிட்டார்கள். ஒரு கழுதை வண்டி. அதில் பிள்ளைகளும் பாய் படுக்கையும். ஊர் எல்லையில் தகப்பனுடைய தமக்கை, வயது போன மனுசி, பொட்டலத்தோடு ஓடி வந்து வண்டியைப் பிடித்தாள். "என்னையும் ஏத்து" என்றாள். தகப்பன் திரும்பிப் பார்த்துவிட்டு, "இடமில்லை அக்கா. நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றார். அந்த நாளை வரவே இல்லை. அவளை அதற்குப் பிறகு கண்டவர்கள் யாருமில்லை.

"அகதி முகாமிலை அப்பா எங்களை 'இல்லை' எண்டு சொல்ல விட்டதில்லை" என்றார். "பாண் முடிஞ்சுதெண்டால், 'நாளைக்கு வரும்' எண்டு சொல்ல வேணும். 'இல்லை' எண்டால் அடி. நான் அடி வாங்கிப் பழகினனான்."

துணியை இன்னொரு தரம் இழுத்துவிட்டு, "அந்த மாவை ஆர் சுட்டுத் திண்டிருப்பினம்?" என்றார். "வீட்டிலை வேறை ஆக்கள் வந்து இருந்தவையாம். வந்தவைக்குக் குழைச்ச மா ரெடியாய் இருந்திருக்கும். நான் எப்பவும் யோசிக்கிறது அதைத்தான். வீட்டை இல்லை. அந்த மாவை."

எங்கள் வீட்டைப் பற்றி அப்போது வந்த செய்திகளும் நல்லதாக இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே எழும்பி நடந்தபோது அம்மாவும் உங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தவர். மகள், நீ நடந்தாய். மகன், நீ கைப்பிள்ளை, உன்னை நான் அதுவரை கண்ணால் கண்டதுமில்லை. பிறகு யாரோ ஒருவருடைய மண்டபத்தில், பிறகு பள்ளிக்கூடத்தில், பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜில். போன் எடுக்கும்போதெல்லாம் அம்மா கேட்டது ஒன்றைத்தான். "எனக்குப் பெரிய வீடு வேண்டாம். உள்ளுக்கை நிண்டு பூட்டக்கூடிய ஒரு கதவு காணும். 'எழும்பிப் போங்கோ' எண்டு ஒருத்தரும் வந்து சொல்லாத இடமாய்ப் பாருங்கோ." நான் ஓம் என்றேன். ஒவ்வொரு தரமும் ஓம் என்றேன்.

விசா வந்தது. வீடு கிடைக்கவில்லை. என் பெயரைக் கேட்டதும், என் இங்கிலிசைக் கேட்டதும், வீடு போய்விட்டது என்பார்கள். அடுத்த நாளும் அதே வீடு பேப்பரில் கிடக்கும்.

அகூய் இருந்த வளவில் பின்பக்கம் ஒரு சின்ன வீடு இருந்தது. ஓர் அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. முழு வளவையும் அவர்தான் வாடகைக்கு எடுத்திருந்தார், பின்வீட்டில் சாமான்கள் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கோப்பி தந்தார். கோப்பையைத் தரையில் வைத்தேன்.

பார்த்தார். வந்து முன்னால் நின்றார்.

"என்ன வேணும்?"

"மனுசியும் பிள்ளையளும் வருகினம். பின்வீடு வேணும், அகூய்."

அவர் யோசிக்கக்கூட இல்லை. உள்ளங்கை உச்சிக்குப் போனது. "என்ரை தலைமேலை. அது உன்ரை வீடு. இனிக் குடி."

குடித்தேன். அவ்வளவு கசப்பும் இனித்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள்தான் இந்த நாட்டில் நான் சந்தோசமாக இருந்த முதல் நாட்கள். இரண்டு பேருமாகச் சாமான்களை ஒதுக்கினோம். சுவருக்கு வெளிர்ப்பச்சை அடித்தோம். ஒரு மெத்தையை நானே செய்தேன், போர்மனிடம் சொல்லி, மிஞ்சிய துணியில், நீலப் பூப்போட்டது. மூன்று பேர் படுக்கக்கூடிய அகலம். எதிர்ப்பக்கம் நின்று அவர்தான் துணியை இழுத்தார். குசினிக்கு அரிசி, பருப்பு, ரொட்டிக்கு மா, மா குழைக்க ஒரு பெரிய பச்சைப் பேசின் எல்லாம் வாங்கி வைத்தேன். அம்மா சொன்ன கதவைப் பற்றிச் சொன்னபோது, அகூய் கடைக்குப் போய்ப் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றைத் தானே வாங்கி வந்து, கதவின் உள்பக்கம் பொருத்தினார். தள்ளித் திறந்து, தள்ளித் திறந்து பார்த்தார். "உன்ரை மனுசி இனிப் பயப்பிடாது" என்றார்.

நீங்கள் வருவதற்கு மூன்று நாளைக்கு முன்பிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. காய்ச்சலாம் என்றார்கள். எனக்கு அந்தக் கிழமை இரண்டு வேலை, போய்ப் பார்க்க முடியவில்லை. விமானநிலையத்துக்குத் தானும் வருவேன் என்றவர் வரவில்லை. காய்ச்சல்தானே என்று நினைத்தேன். கராஜ் மாமா வான் எடுத்து வந்தார்.

மகன், நீ என்னைக் கண்டதும் அம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளித்தாய். வழி முழுக்க நான் அந்த வீட்டைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். பச்சைச் சுவர், நீலப் பூ, தாழ்ப்பாள். அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

வளவுக்குள் வான் நின்றது. பின்வீட்டு வாசலில் சின்னச் சின்னச் சப்பாத்துகள் கிடந்தன. யாரோ பிள்ளைகளுடையவை. கதவு திறந்திருந்தது.

அம்மாதான் முதலில் எட்டிப் பார்த்தார். "இஞ்சருங்கோ, இதுவோ வீடு? உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்."

நான் உள்ளே பார்த்தேன். நான் செய்த மெத்தையில் இரண்டு பிள்ளைகள் குறுக்கே படுத்து நித்திரை. குசினியில் ஒரு பெண் முக்காட்டோடு, முழங்கை வரை மா. நான் வாங்கிய பச்சைப் பேசின் ஈரத் துணியால் மூடி ஓரமாக இருந்தது.

ஒரு மனுசன் சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். அகூயின் அதே மூக்கு. என் கையை இரண்டு கையாலும் பிடித்தான். "நீங்கள்தானே அந்தச் சிநேகிதன்? அண்ணா எல்லாம் சொன்னவர். எங்களுக்கெண்டு நீங்களும் அவருமாய் இவ்வளவும் செய்து வைச்சியளாமே. மெத்தையும் நீங்களாமே. உங்கடை கைக்கு ஆண்டவன் சுகம் தரட்டும்."

பிள்ளைகள், ஒருவர் ஒரு வீட்டை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால் அது ஒரு விதம். அதை முதலிலிருந்தே உனக்காகத்தான் செய்து வைத்தேன் என்று அவரிடம் சொல்லிக் கொடுத்தால் அது வேறு விதம். அந்தத் தம்பி நல்ல மனுசன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வெலிங்டனில் வேலை போய், இருந்த வீடும் போய், பெஞ்சாதி பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்திருக்கிறான். அவன் என் கையைப் பிடித்தபடி நிற்க, நான் அந்தக் கையை இழுக்கவும் முடியாமல் நின்றேன்.

அகூய் முன்வீட்டுப் படியில் நின்றார். காய்ச்சல் முகம் இல்லை. நான் அவரிடம் போனேன்.

"என்ன அகூய் இது?"

"தம்பி வந்தவன். கோப்பி குடுத்தன். அவன் குடிக்கேல்லை. கீழை வைச்சிட்டான்."

"நானும் கீழை வைச்சனான்."

"ஓம்."

"நீங்கள் குடியெண்டு சொன்ன பிறகுதான் குடிச்சனான்."

"ஓம்" என்றார் திரும்பவும். "நீ எனக்குத் தம்பி மாதிரி. அவன் என்ரை தம்பி. நான் என்ன செய்ய? எனக்கு 'இல்லை' எண்டு சொல்லத் தெரியாது, உனக்குத் தெரியுந்தானே."

"எனக்குச் சொல்லிப்போட்டியள்" என்றேன். "வாயாலை சொல்லேல்லை, அவ்வளவுதான்."

அவர் உச்சியில் கை வைத்தார். அந்த நேரத்திலும். "என்ரை அறை இருக்கு. முன்வீட்டை நீங்கள் எடுங்கோ. நான் காருக்குள்ளை படுப்பன். என்ரை தலைமேலை."

அம்மாவுக்கு அரபும் விளங்காது, இங்கிலிசும் அவ்வளவாக வராது. ஆனால் முழுதும் விளங்கியிருந்தது. "வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார் என்னிடம். "இன்னொருத்தர் எழும்பித் தந்த இடத்திலை நான் இருந்தது காணும். இண்டைக்குக் காருக்குள்ளை படுக்கிறவர் நாளைக்கு ஆருக்குத் தலையைத் தொடுவாரோ."

அதற்குள் அந்தப் பெண் வெளியே வந்து, சுட்ட ரொட்டி ஒன்றை இரண்டாகப் பிய்த்து உங்கள் இரண்டு பேருக்கும் தந்தாள். சுடச் சுட இருந்தது. மகள், நீ அம்மாவின் முகத்தைப் பார்த்தாய், வாங்கலாமா என்று. மகன் கேட்கவேயில்லை, வாங்கித் தின்றுகொண்டே வானில் ஏறினான்.

அன்று நாங்கள் போன இடம்தான் நியூ லின்னில் மாமாவின் கராஜ். அதனால்தான் அவர் உங்களுக்குக் கராஜ் மாமா. அந்தக் குளிர்காலத்தை முழுக்க அதற்குள் கழித்தோம். மேலே சுருண்டு போகிற இரும்புக் கதவு அது, உள்ளே நின்று பூட்ட முடியாது. நான் தினமும் பின்னேரம் கயிற்றால் கட்டினேன். அம்மா ஒவ்வொரு நாளும் எழும்பிப் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வேலையில் அதே மேசை. எதிரெதிரே நின்று துணி இழுத்தோம். அவர் கதைக்கப் பார்த்தார், நான் கதைக்கவில்லை. பூவெல்லாம் சரியத் தொடங்கியது. போர்மன் இரண்டு மெத்தையைத் திருப்பி அனுப்பிவிட்டு, என்னை வேறு மேசைக்கு மாற்றினான். ஸ்மோக்கோ நேரத்தில் அந்த ஏலக்காய் வாசம் வரும். நான் வெளியே போய் நிற்பேன்.

எனக்கு விளங்காமல் போனது இதுதான். ஊருக்கெல்லாம் தலையைத் தொட்டவர், யாருக்கு வாக்குக் கொடுத்தோம் என்று மறக்கிறவர், கார் கதை போல இதையும் செய்திருந்தால் நான் ஒருவேளை சிரித்திருப்பேன். ஆனால் இதை அவர் மறக்கவில்லை. மறக்காதபடியால்தான் காய்ச்சல் என்று ஒளித்திருந்தார். குழைத்த மாவை யார் தின்றார்கள் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவருக்கு, அந்தப் பச்சைப் பேசினைப் பார்க்க எப்படிக் கண் இருந்தது?

பிறகு நாங்கள் நியூ லின் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம். உனக்கு ஞாபகமிருக்கும், மகள், ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரி கலகலக்கும். முன்கதவில் நல்ல பூட்டு இருந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்தக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அவர்.

மெலிந்திருந்தார். கோட்டுப் போட்டிருந்தார், பெண் கேட்கப் போகிறவர் மாதிரி. "சலாம்" என்றார். நான் வழி விட்டேன். வீட்டுக்கு வந்தவரை வெளியே நிறுத்திப் பழக்கமில்லை.

அம்மா முகத்தை நீட்டிக்கொண்டுதான் குசினிக்குள் போனார். ஆனாலும் தேத்தண்ணி போட்டார், பாலும் சீனியும் விட்டு, நல்ல கோப்பையில். கொண்டுவந்து கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். ஆவி போகிறதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, தன்னுடைய காலுக்கு முன்னால், கார்ப்பெட்டில் வைத்தார்.

நீ அப்போது மூலையில் படம் கீறிக்கொண்டிருந்தாய். பென்சிலை நிறுத்திவிட்டுப் பார்த்தாய்.

அம்மா என் காதுக்குள், "ஏன், சீனி கூடிப்போச்சோ?" என்றார்.

எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் இப்போது எழுந்து அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். என்ன வேணும் என்று கேட்க வேண்டும். அவர் கேட்பதைத் தந்தேன் என்று சொல்லி, இனிக் குடி என்று சொல்ல வேண்டும். அவர் என்ன கேட்பார் என்றும் தெரியும். வீடு வாசல் ஒன்றும் கேட்கமாட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் யன்னலால் ரயில் பாதையைப் பார்த்தேன். ஒரு ரயில் போனது. அலுமாரி கலகலத்தது. கோப்பைக்குள் தேத்தண்ணி வட்டம் வட்டமாக நடுங்கி, அடங்கியது.

வாய் வரவில்லை. எத்தனையோ தரம் ஓம் என்று சொல்லி, அம்மாவை அந்த வளவில் பெட்டிகளோடு நிற்க வைத்த வாய். இன்னொரு தரம் அதைக் கொண்டு வாக்குக் கொடுக்க எனக்கு ஏலவில்லை.

கோப்பையில் ஆவி அடங்கும் வரை இருந்தார். பிறகு எழும்பினார். வலது கை உயர்ந்தது, கண்ணுக்கா தலைக்கா என்று தெரியாமல் பாதியில் நின்றது, பிறகு கீழே வந்தது. உன் தலையைத் தடவிவிட்டு வெளியே போனார். கோப்பையைக் குடிக்காமல் விட்டுவிட்டு வாசலைத் தாண்டிப் போனார். அடுத்த கிழமை வேலையை விட்டுவிட்டார். தம்பி குடும்பத்தோடு வெலிங்டன் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

"ஆறிப்போச்சு, ஊத்திவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வெளிக்கிட்டார்.

நீங்கள் போன பிறகு நான் கோப்பையை எடுத்தேன். கார்ப்பெட்டில் ஒரு ஈர வளையம் இருந்தது. சிங்க் வரை கொண்டுபோனேன். ஊற்றவில்லை. பின்கதவைத் திறந்து படியில் இருந்தேன். தேத்தண்ணிக்கு மேலே ஆடை படிந்திருந்தது. விரலால் ஓரத்துக்கு ஒதுக்கினேன். சீனி உண்மையாகவே கூடித்தான் போயிருந்தது. அடி வரை குடித்தேன்.